அடிகுழாய்க்கு இந்தப் பக்கம்

பில்டரின் மேலடுக்கைத் தலைகீழாகப் பிடித்து உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார் கூடலிங்கம். தூளும் விழவில்லை, தூளின் மேல் ஊற்றிய வெந்நீரும் விழவில்லை. குனிந்து கீழிருந்து எட்டிப் பார்த்தபோது டிகாஷன் கறுப்பாக, பளபளப்பாக, எந்த அவசரமும் இல்லாமல் அவரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. நிமிர்த்தி வைத்து ஊசியால் துளைகளைக் குத்தினார், ஊதினார், மறுபடி கவிழ்த்துத் தட்டினார். அப்போதுதான் அடுத்த வீட்டிலிருந்தும் தட்டும் சத்தம் கேட்டது, அதற்கடுத்த வீட்டிலிருந்தும், எதிர் வீட்டிலிருந்தும்; பித்தளை பித்தளையாகவும் எவர்சில்வர் எவர்சில்வராகவும் தெரு முழுக்க விடியுமுன் தட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, பாத்திரக்கடை போடப்போறீங்களா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் மருமகள் தங்கேஸ்வரி. அவள் இரும்புச் சட்டியில் மல்லி விதையை வறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

மலையில் காய்க்கும் காபி எல்லாம் மலையடிவாரத்தில் இருந்த அந்த வறுவல் தெருவுக்குத்தான் இறங்கி வரும். தெருவின் மேல்கோடியில் இருந்த, தெருப் பெரியவர் அழகுமலையின் களத்தில் பழம் காயும். வீட்டுக்கு வீடு பெண்கள் முறத்தில் கொட்டி, உடைந்த கொட்டையையும் கருங்கொட்டையையும் பொறுக்கித் தள்ளுவார்கள். கூடலிங்கத்தின் வீட்டு முன்கட்டில் இருந்த பெரிய டிரம்மில் வறுபட்டு, அரைபட்டு, பொட்டலமாகி வெளியூர் போகும். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது நாக்கில் ஒரு சொட்டு டிகாஷன் வைப்பார்கள், போகிற உயிருக்கும் ஒரு சொட்டு வைப்பார்கள், இடையில் இருப்பவர்களுக்கு அளவே கிடையாது. சிக்கரி என்ற சொல்லை அங்கே வசவாகத்தான் பயன்படுத்துவார்கள். டீ குடிப்பவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள்.

அந்தத் தெருவில்தான் காபி இறங்க மறுத்தது. கொட்டை வழக்கம்போல வறுபட்டது, தூள் வழக்கம்போல மணத்தது, ஆனால் குடிக்கும் காபியாக ஆன நொடியில் அது இருந்த பாத்திரத்திலேயே இருந்தது. டம்ளரிலிருந்து டவராவுக்குப் போகவில்லை, டவராவிலிருந்து வாய்க்கு வரவில்லை. தங்கேஸ்வரியின் கணவன் வீரணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தூக்குவாளியில் காபி வாங்கி வந்தான். வழியெல்லாம் தளும்பிக்கொண்டு வந்த காபி தெருமுனை அடிகுழாயைத் தாண்டியதும் தளும்புவதை நிறுத்தியது. இறங்கி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தான், விழவில்லை. கவிழ்த்தபடியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போனான், மொத்தமும் அவன் காலில் கொட்டியது. கொப்புளம் ஆற ரொம்ப நாள் ஆனது, ஆனால் எல்லை எது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

ஏன் என்று முதலில் யாரும் கேட்கவில்லை. தலைவலி வருவதற்குள் காபி குடித்தாக வேண்டியிருந்தது. மறுநாளே பில்டர்கள் அடிகுழாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டன. குழாயடிச் சிமெண்டு மேடையில் யார் பில்டர் எந்த இடத்தில் என்று சண்டை வந்து, தீர்ந்து, சாக்பீஸால் கோடு போடப்பட்டது. பால்காரர் வீடு வீடாக ஏறி இறங்குவதை விட்டுவிட்டு அங்கேயே வண்டியை நிறுத்தினார். நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். காபியை வீட்டுக்குள் கொண்டுபோக வழியில்லாததால் பெண்களும் வந்தாக வேண்டியிருந்தது; நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிமுடிந்துகொண்டு, முதல் சில நாள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குடித்தவர்கள் பிறகு ரோட்டைப் பார்த்துக் குடித்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் தண்ணீர் விட்டுக் கலந்து ஆறிப்போனதைக் குடித்தே பழகியவர்கள், சூடாக முதல் டிகாஷன் எப்படி இருக்கும் என்பதை அந்த ரோட்டில் நின்றுதான் தெரிந்துகொண்டார்கள். சித்திரைத் திருவிழாவுக்கு முளைப்பாரி எடுக்கிற நேரம்கூட அடிகுழாய்க் காபிக்குப் பிறகுதான் என்று மாற்றி வைக்கப்பட்டது, சாமியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அங்கே வராத ஒரே ஆள் தங்கேஸ்வரி. வயிற்றில் தங்கியிருக்கிறது என்று நர்சம்மா சொன்ன அன்றைக்கே அவள் காபியை நிறுத்தியிருந்தாள்.

"அடியோட நிறுத்தணும்னு சொல்லலையே. குறைச்சுக்கிட்டா போதும், ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் குடி," என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

"எனக்கு ஒண்ணு குடிச்சா ரெண்டு குடிக்கத் தோணும். என்னை எனக்குத் தெரியும்."

"போன தடவை ஆனதுக்கும் காபிக்கும் சம்பந்தம் கிடையாது தங்கேஸ்வரி. ஜீப்புக்கும் கிடையாது. எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"எதனாலன்னு தெரியாதுன்னா, என் கையில இருக்கறதை எல்லாம் நான்தானே பாத்துக்கணும்?"

போன தடவை ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு, கை நிறைய வளையலோடு தாய்வீட்டுக்கு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். அவள் தாய்வீடு மலைமேல் இருந்தது. வளைவுக்கு வளைவு வண்டி திரும்பிக்கொண்டே போனது, வளையல் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து மறுபடி மறுபக்கமாகச் சரிந்தது, பாதி மலையில் வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இறங்குவதற்குள் குழந்தை போய்விட்டது. அவள் மாமியார் விருமாயி அதைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. விருமாயி பொதுவாகவே பேசுவது குறைவு. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் அதுவும் வராது.

காபியை விட்டவளுக்குத் தலை வலித்தது. வலித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தவளுக்கு, நாக்குக்காவது கசப்பாக, சூடாக, கருகலாக ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. மல்லியை வறுத்தாள். பார்லியை வறுத்தாள். கேழ்வரகை வறுத்தாள், அது கஞ்சியாகிப்போகக் கொட்டினாள். பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் காயவைத்து, கறுக்க வறுத்து, அம்மியில் உடைத்து, மிக்சியில் போட்டு மிக்சியின் பல்லை உடைத்தாள். பூக்களும் இலைகளுமாக ஒரு பை நிறையக் கொண்டுபோய் நர்சம்மாவிடம் காட்டினாள். நர்சம்மா செம்பருத்தியையும் இன்னும் சிலதையும் தனியாக எடுத்து வைத்து, "இதெல்லாம் இப்ப வேணாம். மூலிகைன்னா எல்லாம் வயித்துக்கு ஆகும்னு கிடையாது. நீ சமையலுக்குப் போடுறதை மட்டும் போட்டுக்கோ, அதுலயும் சுக்கைக் கொஞ்சமா போடு," என்றார். கடைசியில் மல்லி, பார்லி, பேரீச்சங்கொட்டை, ஒரு துணுக்கு சுக்கு, கருப்பட்டி என்று நின்றது. வீட்டில் சும்மா கிடந்த பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினாள்.

அது இறங்கியது.

சொட்டுச் சொட்டாக, அடித்தட்டில் பட்டுச் சத்தம் எழுப்பிக்கொண்டு இறங்கியது. தெரு அந்தச் சத்தத்தைக் கேட்டு வாரக்கணக்காகி இருந்தது. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா கையிலிருந்த முறத்தோடு எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"என்னடி சத்தம்?"

"பில்டர் மதினி."

"எங்க வீட்டுல இறங்காதது உன் வீட்டுல மட்டும் இறங்குதா?"

"மல்லி இறங்குது. குடிச்சுப் பாருங்க."

பாண்டியம்மா குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டி மேலே பார்த்தாள். "காபி மாதிரி இல்லையே."

"காபின்னு யார் சொன்னா? மல்லி மாதிரி இருக்கா?"

"மல்லி மாதிரி இருக்கு."

"அவ்வளவுதான்."

பாண்டியம்மா டம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் போனாள். ஆனால் போனவள் சும்மா இருக்கவில்லை. காபி ஏன் இறங்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது, அடிகுழாயில் நின்று எல்லோருக்கும் புரிய வைத்தாள். மசக்கைக்காரி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. இது காபித் தெருவுப் பிள்ளை, வயிற்றுக்குள்ளிருந்து காபி கேட்கிறது, ஆத்தாக்காரி மல்லித் தண்ணியை ஊற்றுகிறாள், எனக்குக் கிடைக்காதது ஒருத்தருக்கும் கிடைக்கக் கூடாதென்று அது பிடித்து நிறுத்தியிருக்கிறது.

இதைவிடத் தெளிவான காரணம் யாருக்கும் கிடைக்கவில்லை. மறுநாளிலிருந்து பெண்கள் முறை வைத்து வந்தார்கள். மாங்காயோடு வந்தார்கள், புளியங்காயோடு வந்தார்கள், சாம்பலில் சுட்ட நார்த்தங்காயோடு வந்தார்கள். எல்லாவற்றையும் தங்கேஸ்வரி தின்றாள், கடைசியில் காபியைப் பற்றிப் பேச்சு வரும்போது வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஆசையே இல்லை மதினி."

"உனக்கு இல்லடி, உள்ள இருக்கறதுக்கு."

"உங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும்?"

"பெத்தவ நாலு பேரு நாங்க சொல்றோம்ல."

"நீங்க நாலு பேரும் உண்டாகியிருந்தப்ப, உங்களுக்கு என்ன ஆசைன்னு யார் சொன்னா? நீங்களா சொன்னீங்க?"

பாண்டியம்மா யோசித்தாள். அவளுக்குத் தயிர்சாதம் ஆசை என்று அவள் மாமியார் சொல்லி, மூன்று பிள்ளைகளுக்கும் தயிர்சாதமாகவே தின்றிருந்தாள். உண்மையில் அவளுக்கு அப்போதெல்லாம் தனியாக ஒரு வண்டியில் ஏறி எங்கேயாவது போய்விட்டு வரவேண்டும்போல் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. "அது கெடக்கட்டும், இன்னொரு டம்ளர் ஊத்து," என்றாள். அதிலிருந்து மற்றவர்களும் மாங்காய் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு வெறும் டம்ளரைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். காலையில் அடிகுழாய்க் காபி, பிற்பகலில் கொட்டை பொறுக்கிக் கழுத்து வலிக்கும் நேரத்தில் தங்கேஸ்வரி வீட்டு மல்லி என்று அவர்களுக்கு நாள் பழகிவிட்டது. ஆண்களுக்கு இது தெரியாது; அந்த நேரத்தில் அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அழகுமலை கூடலிங்கத்துக்கு அண்ணன், தெருவுக்குப் பெரியவர். களம் அவருடையது. தன் களத்தில் காய்ந்த காபியைக் குடிக்க முண்டாசு கட்டிக்கொண்டு தெருமுனைவரை நடக்க வேண்டியிருப்பதை அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தபோது அவர் கையில் கொடுத்த காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டது. வியாபாரி டம்ளரை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு மரியாதைக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு மறுநாள் அழகுமலை தம்பி வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டுல ஒண்ணு. தெருக்காரங்க முன்னால உன் மருமக ஒரு வாய் காபி குடிக்கணும். இல்ல, வளைகாப்பு முடிஞ்சதும் அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பிரு. பெத்துக்கிட்டு வரட்டும். ஊர் வழக்கம்தானே, நான் ஒண்ணும் புதுசா சொல்லல."

கூடலிங்கம் அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். டிரம்மைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். முன்பு ஒருநாள் அந்த டிரம்மில் கொஞ்சம் மல்லி போட்டு வறுத்துக்கொள்ளட்டுமா என்று தங்கேஸ்வரி கேட்டபோது, காபியைத் தவிர எதுவும் படாத டிரம் என்று மறுத்தவரும் அவர்தான்.

வீரணன் அன்று சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான். "ஒரு வாய்தானே. குடிச்சிட்டுப் போயேன்."

"ஒரு வாய்தானே. நீங்க விட்டுக்கொடுங்களேன்."

"நான் எங்க கேட்டேன், பெரியப்பாதான் கேக்குறாரு."

"அப்ப அவருக்குப் பதில் சொல்லிக்கிறேன். நீங்க ரசத்தை ஊத்திக்கங்க."

வளைகாப்பு நடந்தது. மறுநாள் காலையில் ஜீப் வந்து வாசலில் நின்றது. விருமாயி மருமகளுடைய துணிமணிகளை ஒரு பையில் கட்டிக் கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தாள். தெரு முழுக்கக் கூடியிருந்தது. ஆண்கள் நின்றார்கள்; பெண்களோ, நின்று பார்க்கிற அளவுக்கு இது சின்ன விஷயம் இல்லை என்பதுபோல ஜீப்புக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அழகுமலை தன் வீட்டு வெள்ளி டம்ளரில், அடிகுழாய்க்கு அந்தப் பக்கம் நின்று தானே ஆற்றிய காபியை, நுரை அடங்குவதற்குள் ஏந்திக்கொண்டு வந்தார்.

"குடிம்மா. ஒரு வாய். வயித்துப் பிள்ளை மனசு குளிரட்டும்."

தங்கேஸ்வரி டம்ளரை வாங்கிக்கொண்டாள். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தாள். தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, டம்ளரை முகத்துக்கு நேரே அப்படியே கவிழ்த்தாள்.

காபி டம்ளருக்குள் நின்றது. நுரையில் ஒரு குமிழி உடைந்தது, அதுகூட மேல்நோக்கியே உடைந்தது.

அவள் கை வலிக்கும்வரை பிடித்திருந்தாள். இத்தனை நாளும் தினமும் அடிகுழாயைத் தாண்டிப் போய்க் குடித்துவந்த அத்தனை பேரும், காபியைக் கையில் கொடுத்தால் ஆள் குடித்துவிடும் என்ற பழக்கத்தில், தெருவுக்கு நடுவில் வைத்து அவளைக் காபி குடிக்கச் சொல்லியிருந்தார்கள். பாண்டியம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்தாள், அடங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளைத் தொற்றிக்கொண்டது.

"குடிக்கச் சொன்னீங்க, பெரிய மாமா. கவுத்துட்டேன். அதுதான் வரமாட்டேங்குது," என்றாள் தங்கேஸ்வரி, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.

"கேலியா பண்றே? அடிகுழாய் வரைக்கும் வா. நாலு எட்டுதான்."

"வரமாட்டேன்."

"அப்ப ஜீப்புல ஏறு."

"ஏறமாட்டேன்."

"ஏன் ஏறமாட்டே? உன் ஆத்தா வீடுதானே? எவ போகாம இருந்திருக்கா?"

"போன தடவை ஏறினேன்."

சிரிப்பு நின்றது. ஜீப் டிரைவர் ஸ்டியரிங்கில் வைத்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தங்கேஸ்வரி டம்ளரை அழகுமலையின் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அது இன்னும் கவிழ்ந்தபடிதான் இருந்தது.

"வளைகாப்பு போட்டா அனுப்பணும்னு வழக்கம், அனுப்புனீங்க, போனேன். ஆசைப்பட்டதைத் திங்கணும்னு வழக்கம், கொடுத்தீங்க, தின்னேன். காபி எனக்கு வேணாம். ஆகுமா ஆகாதான்னு நர்சம்மாகிட்ட கேட்டுட்டேன், அது எனக்கும் அவங்களுக்கும் உள்ள பேச்சு. உங்களுக்குக் காபி வேணும்னா நீங்க நடந்து போய்க் குடிங்க, காலுக்கும் நல்லது. எனக்குப் பிள்ளை வேணும். நான் என் வீட்டுல உக்காந்திருக்கப் போறேன்." சொன்னபடியே வாசல்படியில் உட்கார்ந்தாள். வயிறு பெரிதாக இருந்ததால் கையை ஊன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உட்கார முடிந்தது.

"தெருவு என்ன ஆகுறது?" என்றார் அழகுமலை, பொதுவாக எல்லோரையும் பார்த்து.

"தெருவுக்கு என்ன கேடு?" என்றாள் பாண்டியம்மா, எழுந்திருக்காமலே. "எங்களுக்குச் சூடா கிடைக்குது. இத்தனை வருசத்துல இப்பத்தான் கிடைக்குது."

"நீ பேசாத. பிள்ளை காபி கேக்குதுன்னு சொன்னவளே நீதான்."

"சொன்னேன். இப்பவும் கேக்கும்போலதான் தெரியுது. கேட்டா என்ன? பிறந்ததுக்கப்புறமும் அது ஆயிரம் கேக்கும், எல்லாத்தையுமா கொடுக்கப்போறோம்?"

"வண்டியை எடுப்பா," என்றார் அழகுமலை டிரைவரிடம், யாரை ஏற்றிக்கொண்டு என்று சொல்லாமல். டிரைவர் முன்னால் பார்த்தார். ஜீப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தியும் நகரவில்லை; கொட்டை பொறுக்கும் முறத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒருத்தி பொறுக்கவே ஆரம்பித்துவிட்டாள். அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, "தாயி, தலை வலிக்குது. இங்க குடிக்கறதுக்கு ஏதாவது இறங்குமா?" என்று கேட்டார்.

"மல்லி இறங்கும்ணே," என்றாள் தங்கேஸ்வரி. "பில்டர் அடுப்பு மேடையில இருக்கு. எனக்கு இப்ப எந்திரிக்க முடியாது, யாராவது போய் எடுத்துட்டு வாங்க."

போனது வீரணன். வெந்நீரைக் கூடுதலாக ஊற்றி அடுக்கு நிறைய இறக்கி, டம்ளர்களைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தான். முதலில் கொடுத்தது மனைவிக்கு. பிறகு டிரைவருக்கு. பிறகு நீட்டிய கைகளுக்கெல்லாம். ஆண்களில் சிலர் வேண்டாம் என்றார்கள், சிலர் நாக்கில் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள், ஒருவர் இது சிக்கரியைவிடப் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டார். அழகுமலை கவிழ்ந்த வெள்ளி டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதை நிமிர்த்தலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கூடலிங்கம் அண்ணனின் பக்கத்தில் வந்தார். தொண்டையைச் செருமினார். "நாளையிலேருந்து மதியத்துக்கு மேல டிரம்முல மல்லி போடுறேன்," என்றார். அண்ணனிடம் அவர் அனுமதி கேட்காமல் பேசிய முதல் வாக்கியம் அது. சொல்லி முடித்ததும் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"வாசம் ஏறிரும்டா. காபியில மல்லி வாசம் அடிக்கும்."

"அடிக்கட்டும்."

அதன் பிறகு பேச்சு பலவாகக் கலைந்தது. டிரம்மைக் கழுவினால் வாசம் போகுமா, உமியைப் போட்டு வறுத்தால் போகுமா, பேரீச்சங்கொட்டைக்கு எங்கே போவது, சாக்பீஸ் கோட்டை மழைக்கு முன்னால் பெயிண்டாக மாற்றிவிடலாமா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அழகுமலையும் ஒரு கட்டத்தில் உமி என்றால் நெல் உமிதான் சரி என்று சொன்னார். தங்கேஸ்வரி படியில் சாய்ந்துகொண்டு, டம்ளரை வயிற்றின் மேல் வைத்து, அதன் சூடு தணியக் காத்திருந்தாள்.

விருமாயி ஜீப்பின் பின்பக்கம் போனாள். பையை இறக்கி, முடிச்சை அவிழ்த்து, மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து தன்னுடைய பழைய நூல்சேலை ஒன்றை எடுத்தாள். ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு கிழிசல் உண்டாக்கினாள். பிறகு ஜீப்பின் நிழலிலேயே உட்கார்ந்து, பிறந்த பிள்ளைக்குக் கட்டுகிற அளவுக்குச் சதுரம் சதுரமாக, அதைக் கிழிக்க ஆரம்பித்தாள்.